பசியும் கட்டளையும்: மேசை ஆட்டங்களில் மெய்யான போர்க்களம்

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை சொல்லியே ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. இளைஞர்கள் அதை ரோல்-பிளேயிங் கேம் என்கிறார்கள். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து ஆடுவது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர். அவன் யார், அவனுக்கு என்ன கைவரும், எதற்குப் பயப்படுவான் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். "பாலம் உடைந்து கிடக்கிறது, அக்கரையில் புகை தெரிகிறது" என்று அவர் நிலைமையைச் சொல்வார். தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்கிற இடத்தில் பகடை உருளும். ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் எழுந்து போவதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை மந்திரமும் டிராகனும் நிறைந்தவை. நான் பேச வந்தது இன்னொரு வகையைப் பற்றி. நடந்த போரை, அது நடந்த ஊரில், அங்கே இருந்த படைப்பிரிவை வைத்து ஆடும் ஆட்டங்கள். இவற்றை எழுதுபவர்களும் ஆடுபவர்களும் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது எவ்வளவு ரியலிஸ்டிக்?" கேட்டவுடன் பேச்சு துப்பாக்கிப் பக்கம் போய்விடுகிறது. எந்த ரைஃபிள், எத்தனை தோட்டா, எவ்வளவு தூரம் போகும் என்று. பல ஆண்டுகள் ஆடியும் நடத்தியும் எனக்கு உறுதிப்பட்டது வேறு. சிப்பாய் எதைச் சுட்டான் என்பதில் போரின் உண்மை கொஞ்சம்தான் இருக்கிறது. அவன் என்ன சாப்பிட்டான், யார் கட்டளைக்குக் கட்டுப்பட்டான், அவனுக்கு எது தெரியாமல் இருந்தது என்பவற்றில்தான் மிச்சமெல்லாம் அடங்கியிருக்கிறது. இதை நிறுவத்தான் இன்றைய பேச்சு.

வேரிலிருந்து தொடங்குகிறேன். 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணிதப் பேராசிரியர், நம் நாட்டில் யானை, தேர், குதிரை, காலாள் என்று பிறந்து மேற்கே போன சதுரங்கத்தை எடுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் கொண்ட போர் ஆட்டமாக விரித்தார். கட்டத்துக்குக் கட்டம் நிலத்தின் தன்மை மாறும். இருந்தாலும் அது சதுரங்கம்தான். இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு மேசைமேல் நிலப்பரப்பையே அமைத்துக் காட்டினார். அவர் மகன், பீரங்கிப் படையில் லெப்டினன்ட், அந்த ஆட்டத்தைச் செதுக்கி 1824இல் விதிப்புத்தகமாக வெளியிட்டார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர். அதை நான் கொஞ்சம் நிதானமாக விவரிக்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் இதைவிடக் கூர்மையான ஆட்ட அமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

1:8000 அளவில் வரைந்த நிலப்படம். சிவப்பு, நீலம் பூசிய சிறு ஈயக் கட்டைகள். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் 2 நிமிடம். இரு தரப்பு அதிகாரிகளும் கட்டையைத் தொட்டு நகர்த்துவதில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்கிறார்கள். நடுவர் அதைப் படித்து, அந்தப் படை அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று அளந்து நகர்த்துகிறார். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய கட்டைகளை மட்டும் படத்தில் வைக்கிறார். மலைக்குப் பின்னால் நிற்கும் படை மலைக்குப் பின்னால்தான். அது இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டும். துப்பாக்கி, பீரங்கிச் சேதத்தைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். அந்த அட்டவணைகளுக்குப் பின்னால் ராணுவத்தின் சோதனைச் சுடுதல்களில் எடுத்த கணக்கு இருந்தது.

தலைமைத் தளபதி மியூஃப்லிங் இதைப் பார்க்க அவ்வளவு ஆர்வமில்லாமல்தான் வந்தார். ஆட்டம் நகர நகர அவர் மனம் மாறியது. படைப்பிரிவுகளுக்கெல்லாம் இது போய்ச் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த இளம் லெப்டினன்ட் மட்டும் நெடுநாள் இருக்கவில்லை. 1827இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

தளபதியைப் பிடித்து நிறுத்தியது அட்டவணையின் நுட்பமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அட்டவணைகளை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தவர். நாம் எழுதிய கட்டளை போய்ச் சேர நேரமாகும், சேர்ந்தபோது நிலைமை மாறியிருக்கும், மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டும். உண்மையான தளபதியின் தலைவலி அப்படியே மேசைக்கு வந்திருந்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்ய ஜெனரல் இன்னும் ஒரு படி போய், பகடையும் அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் தன் அறிவைக் கொண்டே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். விதி முக்கியமா, நடுவரின் விவேகம் முக்கியமா என்று இன்று நம் இளைஞர்கள் டீக்கடையில் நின்று வாதாடுகிறார்களே, அந்த வாதத்துக்குக் கிட்டத்தட்ட 150 வயது.

அடுத்து அமெரிக்கா. மின்னசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் ஒரு ஆட்டக் குழு. அதில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற போர் ஆட்ட நூலைத் தேடிப் படித்திருந்தார். ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், முடியுமா முடியாதா என்பதை நடுவர் சொல்வார் என்ற எண்ணத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1969இல் நெப்போலியன் காலத்து ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றைக் கற்பனையாக அமைத்தார். பெயர் பிரவுன்ஸ்டைன். இரண்டு படைகள் அந்த ஊரை நோக்கி வருகின்றன. வழக்கமான ஆட்டமாக இருந்தால் இரண்டு பேர் படைகளை எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வெஸ்லி என்ன செய்தார் என்றால், மற்றவர்களுக்கு ஊர்க்காரர்களைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம், தனித்தனி ரகசியம்.

ஆட்டம் கட்டுக்குள் நிற்கவில்லை. ஆளாளுக்கு வெஸ்லியைத் தனியே கூப்பிட்டு ரகசியம் பேசினார்கள், பேரம் நடந்தது, இரண்டு பேர் ஒருவரையொருவர் சண்டைக்கு அழைத்துக்கொண்டார்கள். படைகள் மோதவே இல்லை. தோற்றுவிட்டோம் என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று நடத்து என்று அவரை விடவில்லை. அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் இந்த முறையைத் தன் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார். கேரி கைகாக்ஸ் அவரோடு சேர, 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. இன்று உலகம் முழுக்க ஆடும் இந்த ஆட்ட வகையின் பிறப்பிடம், போர் நெருங்கி வரும் ஊரில் மாட்டிக்கொண்ட பொதுமக்கள்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். பின்னால் தேவைப்படும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோடு ஒரு பழக்கமும் ஊன்றிப்போயிற்று. 'ஹிட் பாயிண்ட்'. கேரக்டருக்கு இத்தனை உயிர்ப்புள்ளி என்று இருக்கும், அடிபட அடிபடக் குறையும், பூஜ்யமானால் சாவு. ஆர்னசன் இதைக் கப்பல் சண்டை ஆட்டத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்கள். கப்பலுக்கு அது பொருந்தும். நாலு குண்டு வாங்கிய கப்பல் ஐந்தாவது குண்டு வரைக்கும் மிதந்துகொண்டு சுடும். மனிதனுக்குப் பொருந்துமா? ஐம்பது புள்ளியில் நாற்பத்தைந்தை இழந்தவன் முழுத் தெம்போடு வாள் வீசுகிறான். டிராகன் உலகத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. நிஜமான படைவீரனை அந்த விதிக்குள் வைத்தால், வரலாறு முதல் அடியிலேயே போய்விடுகிறது.

இந்தக் குறையை ஆட்ட ஆசிரியர்கள் உணராமல் இல்லை. உணர்ந்தவர்களில் ஒரு சாரார் எடுத்த வழி, கணக்கைக் கூட்டுவது. அந்த வழியின் உச்சம் 1986இல் வந்த 'ஃபீனிக்ஸ் கமாண்ட்'. 2 வினாடி ஒரு கட்டம், அதையும் நான்காகப் பிரித்து அரை வினாடி அரை வினாடியாகச் சண்டை நடக்கும். தோட்டா உடம்பின் எந்த இடத்தில் நுழைந்தது, எவ்வளவு ஆழம் போனது, எலும்பில் பட்டதா என்று அட்டவணை அட்டவணையாகத் தேட வேண்டும். உழைப்பை நான் மதிக்கிறேன். அத்தனை தரவையும் ஒரு ஒழுங்கில் அடுக்குவது சாதாரண வேலையில்லை. ஆனால் மேசையில் நடப்பது என்ன? அரை வினாடியைத் தீர்க்கப் பத்து நிமிடம் பக்கம் புரட்டுகிறோம். துப்பாக்கிச் சண்டையில் உள்ளவனுக்கு யோசிக்கவே நேரமில்லை, ஆடுகிறவனுக்கோ நேரம் கொட்டிக் கிடக்கிறது. தோட்டாவின் பாதை அச்சு அசலாக இருக்கிறது, அவன் நெஞ்சு படபடப்பு எங்கேயும் இல்லை.

உண்மையான சண்டைகளில் சுட்ட தோட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை யார் மேலும் படுவதில்லை. அவை எதிரியைத் தலை தூக்க விடாமல் செய்கின்றன. தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பவன் அடிபடவில்லை, செத்தும் போகவில்லை, ஆனால் சண்டையில் இல்லை. அமெரிக்க ராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல், சண்டையில் நின்றவர்களில் சுட்டவர்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். அந்தக் கணக்கை அவர் எடுத்த விதத்தைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள், அது நிற்கவில்லை. எண்ணை விட்டுவிடுவோம். அச்சம்தான் போர்க்களத்தின் பெரும் விசை என்பதை எந்தப் படைவீரரும் மறுக்க மாட்டார். அதற்கு விதி எழுதாத ஆட்டம் ரியலிஸ்டிக் என்று பெயர் வாங்கக் கூடாது.

1984இல் ஜிடிடபிள்யூ நிறுவனம் வெளியிட்ட 'ட்வைலைட் 2000' இந்த விஷயத்தில் ஒரு படி முன்னே போனது. எழுதியவர்களில் முதன்மையானவர் ஃபிராங்க் சாட்விக். அது வரலாறு இல்லை, அப்போதைய எதிர்காலம். நேட்டோவுக்கும் வார்சா கூட்டணிக்கும் போர் நடந்து, அணுகுண்டுகள் விழுந்து, போலந்தின் காலிஷ் நகரத்தருகே அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று சிதறிப்போகிறது. கட்டளை தர மேலிடம் இல்லை. கேரக்டர்கள் அந்தப் படையின் மிச்சங்கள். குண்டு விழும்போது நிதானம் தவறாமல் இருப்பதற்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். நிதானமில்லாதவன் சண்டையில் தயங்கி வாய்ப்பை இழப்பான். அதைவிட என்னைக் கவர்ந்தது எரிபொருள். டீசல் கிடையாது. தழையையும் தானியத்தையும் ஊறவைத்து, ஆல்கஹால் வடித்துத்தான் கவச வண்டியை ஓட்ட வேண்டும். வடிக்க நாளாகும், அந்த நாட்களில் ஒரே இடத்தில் தங்க வேண்டும், தங்கினால் பக்கத்துக் கிராமத்தோடு ஏதாவது ஒரு உறவு வந்தே தீரும். அவர்கள் தானியத்தைப் பறிப்பதா, பதிலுக்குக் காவல் நிற்பதா? எரிபொருள் விதி ஒன்று, பக்கம் பக்கமாக அறம் பேசாமலே, அறக் கேள்வியை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

சோறும் எண்ணெயும் மருந்தும் போரின் ஓரத்து விஷயங்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை நோய் கொன்றது. வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும். அந்தப் போரை வைத்து ஆட்டம் எழுதி, அதில் குடிதண்ணீர் பற்றி ஒரு வரி இல்லையென்றால், எழுதியவர் அந்தப் போரைப் படிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான ஆட்டத்துக்கு வருகிறேன். ஜேசன் மார்னிங்ஸ்டார் எழுதி 2015இல் வெளிவந்த 'நைட் விட்ச்சஸ்'. முதலில் வரலாறு. 1941 அக்டோபரில், ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, புகழ்பெற்ற விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் சோவியத் அரசு பெண்களுக்கென்று மூன்று விமானப் படைப்பிரிவுகளை அமைத்தது. அவற்றில் 588ஆவது பிரிவு இரவுக் குண்டுவீச்சுக்கு. வோல்கா கரையில் எங்கெல்ஸ் நகரத்தில் பயிற்சி. 1942 ஜூனில் முதல் தாக்குதல். விமானி, வழிகாட்டி, மெக்கானிக், குண்டு ஏற்றுபவர், எல்லாரும் பெண்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது.

அவர்களுக்குக் கொடுத்த விமானம் போ-2. மரச் சட்டம், துணிப் போர்வை, திறந்த இருக்கை. பயிற்சிக்கும் வயலில் மருந்து தெளிக்கவும் வைத்திருந்த ரகம். மணிக்கு 150 கிலோமீட்டர் எட்டுவதே பெரிது. 1944 வரைக்கும் பாராசூட் இல்லை. இலக்கை நெருங்கியதும் இன்ஜினை அடக்கிவிட்டுச் சத்தமில்லாமல் சறுக்கி வந்து குண்டு போட்டார்கள். கீழே ஜெர்மானியர்களுக்குக் காதில் விழுந்தது காற்று கம்பிகளில் உரசும் ஒலி மட்டும். 'இரவுச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தார்கள். ஒரே இரவில் ஒரே விமானம் எட்டு, பத்து முறை போய்வரும். போர் முடிவதற்குள் 23,000க்கு மேற்பட்ட பறப்புகள். 1943இல் படைப்பிரிவுக்குக் காவலர் என்ற கௌரவப் பட்டம் கிடைத்து 46ஆவது என்று எண் மாறியது. அவர்களில் 23 பேருக்குச் சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்ற உயர் விருது. 1943 ஜூலை 31 இரவில் மட்டும் நான்கு விமானங்கள் எரிந்து எட்டுப் பெண்கள் மாண்டார்கள். வழிகாட்டி யெவ்கேனியா ருத்னேவா மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வானியல் படித்துக்கொண்டிருந்தவர். 1944 ஏப்ரலில் கெர்ச் அருகே விழுந்தார். இன்று ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர்.

இப்படியொரு வரலாற்றைக் கையில் எடுப்பவர் விமானத்தின் வேகத்துக்கும் குண்டின் எடைக்கும் அட்டவணை போடலாம். மார்னிங்ஸ்டார் போடவில்லை. அவர் ஆட்டத்தைப் பகல், இரவு என்று இரண்டாகப் பிரித்தார். இரவில் பறக்கிறார்கள். பகலில் தூங்க முயல்கிறார்கள், விமானத்தைப் பழுதுபார்க்கிறார்கள், இல்லாத பொருளை எங்கிருந்தாவது தேற்றுகிறார்கள், ஆண் அதிகாரிகளின் ஏளனத்தைச் சமாளிக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே உளவு சொல்பவள் யார் என்று பயப்படுகிறார்கள். பகலில் சேர்த்துவைக்கும் ஆயத்தம் ஒரு பொதுக் கையிருப்பாக ஏறும். இரவில் உயிர் ஊசலாடும்போது செலவழிக்க அது மட்டும்தான் உண்டு. பகல் சரியாகப் போகாவிட்டால் இரவு உங்களைக் கொல்லும். ஹிட் பாயிண்ட் கிடையாது. கேரக்டர் தாளில் போர் மனிதர்மேல் போடும் அடையாளங்களின் பட்டியல் ஒன்று இருக்கும், ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வர வேண்டும். அதில் ஒன்று சாவு.

எங்கள் மேசையில் நடந்த ஒரு பகலைச் சொல்கிறேன். கல்லூரிப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்காக இருந்த பெண்ணுக்கு ஒரு ஸ்பார்க் பிளக் வேண்டும். பக்கத்து ஆண்கள் படைப்பிரிவின் ஸ்டோர் சார்ஜன்ட்டிடம் இருக்கிறது. அவன் சும்மா தர மாட்டான், அவன் கேட்டதை அவள் கொடுக்க மாட்டாள். கடைசியில் நாலு பேருடைய சர்க்கரை ரேஷனைச் சேர்த்துக் கொடுத்து வாங்குவது என்று பேச்சு வந்தது. வழிகாட்டியாக ஆடிய பெண் மறுத்தாள். "அந்தச் சர்க்கரையை நான் காய்ச்சலில் படுத்திருக்கும் என் விமானிக்கு வைத்திருக்கேன், அக்கா" என்றாள். அரை மணி நேரம் வாதம். குண்டு எதுவும் விழவில்லை, யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை. சர்க்கரை விமானிக்கே போனது, பழைய பிளக்கோடு விமானம் கிளம்பியது. அன்றிரவு சறுக்கி இறங்கி, குண்டைப் போட்டுவிட்டு, இன்ஜினை மறுபடி முடுக்கும்போது பகடை உருண்டது. இன்ஜின் எழவில்லை. மேசையில் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியை எந்தத் தோட்டா அட்டவணையும் வரவழைத்து நான் கண்டதில்லை. அந்தப் பெண்கள் மறுவாரம் ரஸ்கோவாவைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தார்கள்.

அதே ஆசிரியர் அதற்கு முன் எழுதியது 'கிரே ராங்க்ஸ்'. ஜெர்மானியப் படைக்கு எதிராக 1944இல் நடந்த வார்சா எழுச்சி பற்றியது. ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 2 வரை, 63 நாள். போலந்துச் சாரணர் இயக்கத்தின் சிறுவர் சிறுமியர் சாக்கடைகள் வழியே செய்தி கொண்டுபோனார்கள், கடிதம் சேர்த்தார்கள், கையெறிகுண்டும் எறிந்தார்கள். கேரக்டர்கள் அந்த வயதினர். எழுச்சி தோற்கும் என்பது ஆடுபவர்கள் எல்லாருக்கும் தெரியும், கேரக்டர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கேரக்டருக்கும் உயிருக்கு உயிரான ஒன்று இருக்கும்: தங்கை, தெரு, காதல், நம்பிக்கை. ஆபத்தான வேலையில் ஜெயிக்க அதைப் பணயம் வைக்கலாம், வைத்தால் அது போகலாம். அன்பு, வெறுப்பு, உற்சாகம், சோர்வு என்ற எல்லைகளுக்குள் கேரக்டரின் மனம் ஒரு கட்டப்படத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். மூலைகளில் மனச்சிதைவும் சாவும். 2008இல் இந்த ஆட்டம் டயானா ஜோன்ஸ் விருதைப் பெற்றது.

வரலாற்று ஆட்டத்தை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: முடிவு தெரிந்த கதையை ஏன் ஆட வேண்டும்? வார்சாவை ஆடியவர்கள் இதைக் கேட்பதில்லை. வரலாற்றை மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு, நான் யாராக இருந்தேன் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கு விடை முன்கூட்டித் தெரியாது.

எழுத விரும்பும் இளைஞர்களுக்காகத் தொழில்நுட்பச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். படையில் பதவி வரிசை உண்டு, மேசையில் எல்லாரும் நண்பர்கள். ஒருவர் சார்ஜன்ட் ஆகி மற்றவர்களை அதட்டிக்கொண்டே இருந்தால் ஆட்டம் கசந்துபோகும். கட்டளையே இல்லாமல் விட்டால் அது ராணுவமாக இருக்காது. இதற்கு நான் கண்ட நல்ல வழி, சிறிய குழுவை எடுப்பது. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பாருங்கள். ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் வேறு வேலை, ஒருவர் தவறினால் ஏழு பேரும் போவார்கள். விமானி சார்ஜன்ட்டாக இருந்து, அவருக்குக் கீழே பறக்கும் ஒருவர் பதவியில் அவரைவிட உயர்ந்தவராக இருந்ததும் உண்டு. வானத்தில் விமானியின் சொல்தான். 30 பறப்பு முடித்தால் ஒரு சுற்று நிறைவு, ஓய்வு கிடைக்கும். ஆட்டத்துக்கு இதைவிட நல்ல சட்டகம் யாரும் தேட வேண்டியதில்லை, வரலாறே கொடுத்திருக்கிறது. அந்தக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். ஆகவே கேரக்டர் செத்தால் புதியவர் வருவார். செத்தவனின் கட்டிலில் வந்து படுக்கும் அந்தப் புதுப் பையனை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதிலேயே ஒரு மாலை முழுக்க ஆடலாம். குண்டு விழுந்த ஹாம்பர்க் நகரத்து மக்களையும் அந்த ஆட்டம் ஒருமுறையாவது காட்டியாக வேண்டும்.

ஏனென்றால் பொதுமக்கள் இல்லாத போர்க்களம் மிக அரிது. பிரவுன்ஸ்டைனின் மேயரையும் வங்கிக்காரரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆட்டம் பிறந்தபோது அவர்கள்தான் நடுவில் இருந்தார்கள். பிறகு வந்த போர் ஆட்டங்களில் பலவற்றில் ஊர் காலியாகக் கிடக்கிறது, வீடுகள் மறைந்து சுடுவதற்கான சுவர்களாக மட்டும் நிற்கின்றன. ரைஃபிளின் எடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்வேன். ஆளில்லாத ஊரைப் பொறுக்க மாட்டேன். அதே சமயம் ஒரு கவனமும் வேண்டும். கொடுமைகளை மேசையில் காட்சியாக விரிக்க வேண்டிய அவசியமில்லை. பல குழுக்கள் மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை வைக்கிறார்கள். யார் அதைத் தொட்டாலும், ஏன் என்று கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். நானும் வைக்கிறேன். நம் கூட்டங்களில் போரை நேரில் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைப்பிரிவை நீங்கள் அறிவீர்கள். தலைவர் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. துணைத் தலைமைக்கு வந்த ஜானகி தேவர் மலாயாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். படையில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ரைஃபிள் பயிற்சி பெற்றார்கள், பர்மாவின் மேமியோ வரை போனார்கள். போர்முனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு வாய்த்ததோ காத்திருப்பும், இம்பால் போர்முனையிலிருந்து குற்றுயிராகத் திரும்பியவர்களுக்குச் செய்த பணிவிடையும், 1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனை விட்டுக் கிளம்பி, விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவு இரவாகப் பயணித்து பாங்காக் போய்ச் சேர்ந்த பின்வாங்கலும். அதே தோட்டங்களிலிருந்து ஆண்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோய், பல்லாயிரம் பேரைக் காட்டில் சாகவிட்டிருந்தார்கள். ஒரே தோட்டத்து லய வீட்டில் அண்ணன் அந்த ரயில் பாதையிலும் தங்கை இந்தப் படையிலும் இருந்த நிலைமை அது. அந்தத் தங்கை எதை நம்பிச் சேர்ந்தாள்? ஜப்பானியரின் நேசப் படையில் நிற்கும்போது அவள் மனத்தில் என்ன ஓடியது?

தோட்டா அட்டவணையால் இந்தக் கதையின் ஒரு பக்கத்தைக்கூட எழுத முடியாது. பசி, கட்டளை, தெரியாமை ஆகியவற்றை வைத்து முழுவதையும் எழுதலாம். தமிழில் எழுதலாம், தமிழில் ஆடலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கிறது, அதிகமில்லை. எழுத முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். இன்று நான் சொன்ன ஆட்டங்களின் விதிப்புத்தகங்களில் என்னிடம் உள்ளவற்றை இரவல் தருகிறேன், முதல் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க மேசையும் தருகிறேன்.